பள்ளிக்கூடம் போன கதவு

எங்கள் வீட்டு வாசல் கதவு ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போனது. என்னைவிட ஒழுங்காகப் போனது என்றே சொல்லலாம். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில்கூட அது வகுப்பில் இருந்தது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட ஒரு விஷயம் கையில் இருக்கும்போது அடக்கமாக உட்கார்ந்திருக்க எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

நான் திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடப்புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். 'போர்டு' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, இந்தச் சொல்லை எங்கெல்லாம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். வகுப்பு கலகலவென்றாகிவிடும். பஸ் போர்டு, சுவிட்ச் போர்டு, கேரம் போர்டு, பத்தாங்கிளாஸ் போர்டு பரீட்சை. மாமாவுக்கு மின்சார போர்டில் வேலை என்று ஒருத்தி பெருமையாகச் சொல்வாள். திருச்சானூரிலிருந்து வருகிறவள் யாராவது இருந்தால் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்பாள். அவள் தெரு முழுக்க அதுதானே எழுதியிருக்கிறது.

பிறகு நான் ஆரம்பிப்பேன். அந்தச் சொல்லுக்கு ஆதியில் ஒரே அர்த்தம்தான், அறுத்த மரப்பலகை. பலகைக்குக் கால் வைத்தார்கள், சாப்பாட்டு மேசையானது. மேசையில் வைத்த சோற்றுக்கும் அதே பெயர் வந்தது. அதனால்தான் லாட்ஜில் சாப்பாடும் உண்டு என்பதற்கு போர்டிங். சாப்பிட்ட பிறகு அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பெரிய மனிதர்கள் ஊர்க்காரியம் பேசினார்கள், அவர்களும் போர்டு ஆனார்கள். எங்கள் காலத்தில் ரோடு போட்டதும் பள்ளிக்கூடம் நடத்தியதும் சித்தூரில் உட்கார்ந்திருந்த அந்த மாதிரி ஒரு ஜில்லா போர்டுதான். கப்பலின் பக்கத்துப் பலகைக்கும் அதுவே பெயர், அதனால் கப்பலில் ஏறுவதும் அந்தச் சொல்லில் அடங்கியது. பார்டர் இருக்கிறதே, எல்லை, அதுவும் இந்தச் சொல்லுக்குப் பங்காளிதான் என்று மொழி ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். பக்கம், ஓரம், விளிம்பு என்று போய், கடைசியில் புடவைக் கரைக்கும் நாட்டு எல்லைக்கும் பெயராகிவிட்டது.

அகராதியில் இவ்வளவும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த முதல் அர்த்தம் மட்டும் அதில் இல்லை. எந்த அகராதியை வாங்கினாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். இருக்காது. ஒவ்வொரு தடவையும் கோபம் வரும்.

எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் நடுவில், வேர்க்கடலையும் கரும்பும் விளைகிற ஊர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். ஆந்திரா தனி ராஜ்ஜியமான புதிது. ஊரில் எங்கே இரண்டு பேர் நின்றாலும் நம் பக்கம் மெட்ராஸோடு போகுமா, இங்கேயே இருக்குமா என்றுதான் பேச்சு. வெதுருகுப்பத்திலிருந்து பெண் எடுத்தவர்கள் ஒன்று சொல்வார்கள், திருத்தணியில் பெண் கொடுத்தவர்கள் வேறொன்று சொல்வார்கள். என் நைனா மட்டும், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், எதற்கும் பிடிகொடுக்க மாட்டார். "எங்க போனாலும் கடலக்காய நாமதான் புடுங்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது தலைமையாசிரியர் ஊராரைக் கூப்பிட்டார். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். தமிழ் வகுப்புக்கு வாத்தியார் இருக்கிறார், ஆனால் பிள்ளைகள் கூடிவிட்டதால் உட்கார இடமில்லை, எழுத போர்டும் இல்லை என்றார். இரண்டையும் ஊர் கொடுத்தால் வகுப்பை ஆரம்பித்துவிடலாம். பிறகு இன்ஸ்பெக்டர் வருவார், பார்த்துச் சரி என்றால் வகுப்பு நிலைக்கும். இல்லாவிட்டால் நாங்களெல்லாம் தெலுங்கு வகுப்பில் போய் உட்கார வேண்டியதுதான். தெலுங்கில் உட்கார எனக்கு ஒன்றும் கசப்பில்லை, அரைவாசி சிநேகிதிகள் அங்கேதான். ஆனால் வீட்டில் பேசுகிற பாஷையை எழுதத் தெரியாமலே வளர்ந்துவிடுவேன். என் அம்மாவுக்கு அதுதான் பயம். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது.

பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த வெல்லம் காய்ச்சும் கொட்டகையை அதன் சொந்தக்காரர் விட்டுக்கொடுத்தார். இடம் ஆயிற்று.

"ஸ்தலம் பாகுந்தி. போர்டு ஏதி?" என்றார் தலைமையாசிரியர். இடம் நன்றாக இருக்கிறது, போர்டு எங்கே?

"பலக தானே சார்? நாளைக்கு வந்துடும்" என்றார் நைனா.

மறுநாள் காலையில் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, நைனா வாசல் கதவை, அது சுழலும் மரக் குடுமியோடு தூக்கிக் கழற்றி, மாட்டு வண்டியில் சாய்த்துக்கொண்டிருந்தார். தமிழ் வாத்தியார் ஒரு முனையைப் பிடித்திருந்தார். எங்கள் ஊரில் ஒரே மரத்தில் அறுத்த அவ்வளவு அகலமான பலகை அந்தக் கதவில் மட்டும்தான் இருந்தது.

"இன்னாயா இது? வாசக்கால் மட்டும் நிக்குது?"

"கதவு இஸ்கோலுக்குப் போவுது."

"கதவுக்கு இன்னா படிப்பு?"

"உம் பொண்ணு படிக்கத்தான். நீதானே தெனம் பொலம்பிக்கினு இருந்த?"

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். திருடன் வருவான் என்று அவள் பயப்படவில்லை. எங்கள் வீட்டில் திருடவும் ஒன்றுமில்லை. அவள் பார்வை கதவின் வெளிப்புறத்தில் இருந்தது. நைனாவும் அவளும் கல்யாணமான வருஷம் திருப்பதி மலைக்கு நடந்து போய் வந்து, அந்த ஞாபகத்துக்காக வெள்ளை பெயின்டில் பெரிய நாமமும் சங்கும் சக்கரமும் அதில் எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது அவள்தான். கரும்பலகை ஆக வேண்டுமென்றால் அதன்மேல் கரி பூச வேண்டும்.

"சாமி மூஞ்சில கரியப் பூசுவீங்களா?" என்றாள்.

வாத்தியார்தான் பேசினார். அவர் திருப்பதிக்காரர், வைஷ்ணவர், அவருடைய வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக மலைமேல் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர்கள்.

"மார்கழி மாசம் மலைமேல பெருமாளைத் தமிழ்ல பாடித்தாம்மா எழுப்பறா. கொழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கறதுக்குன்னா, ஒரு வருஷம் கரிக்குப் பின்னால இருக்கமாட்டேன்னா சொல்லப்போறார்?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப கரிய நாந்தான் பூசுவேன். வேற யாரும் கை வைக்கக்கூடாது. வெள்ளிக்கெழமைல மஞ்ச குங்குமம் வைக்க வருவேன், தடுக்கக்கூடாது. எங்க போயி நின்னாலும் அது என் வாசக் கதவுதான்."

ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அவளே அம்மியில் அரைத்துப் பூசினாள். கதவைப் படுக்கைவசமாகத் திருப்பி, இரண்டு கல்தூண்மேல் வைத்துச் சுவரில் சாய்த்தார்கள். எங்கள் வகுப்பு ஆரம்பமாயிற்று. கொட்டகை முழுக்க வெல்ல வாசனை, கூடவே எறும்பு. ஒற்றெழுத்து எங்கே வரும் என்று வாத்தியார் சொல்லும்போது பாதிப் பேர் காலைச் சொறிந்துகொண்டிருப்போம். வெள்ளிக்கிழமை காலையில் மணி அடிக்குமுன் அம்மா வருவாள். கதவின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியைச் செருகிவிட்டுப் போவாள். வாத்தியார் அந்தப் பொட்டுகளுக்கு நடுவில் எழுதிக்கொள்வார்.

வீட்டு வாசலில் கோணி தொங்கியது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி உள்ளே வந்து, கூடையிலிருந்த கீரையைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. ஊரில் கேலிக்குக் குறைவில்லை. கதவு எங்கே என்று கேட்பவர்களிடமெல்லாம் நைனா, "அது அ, ஆ படிச்சிக்கினு கீது. தொந்தரவு பண்ணாதீங்க" என்பார். சொல்லும்போது மீசை துடிக்கும். அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும், அது பெருமை.

ஒரு வியாழக்கிழமை, மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினார். நான் ஓடிவந்து வீட்டில் சொன்னேன்: "பெரிய சார் வராராம், நம்ம கதவப் பாக்க!"

அந்தக் கடைசி இரண்டு சொல்லைத்தான் அம்மா மனத்தில் வாங்கிக்கொண்டாள். பெரியவர்கள் கதவைப் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் என்ன செய்வார்களோ, அதைச் செய்தாள். விடிந்ததும் கொட்டகைக்குப் போய், தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டுக் கதவைத் தேய்தேயென்று தேய்த்துக் கழுவினாள். முழுக் கதவுக்கும் மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். பூச்சரம் சாத்தினாள்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது கரும்பலகை இல்லை. மஞ்சள் கதவு ஒன்று ஈரத்தோடு பளபளத்தது. அதில் நாமமும் சங்கும் சக்கரமும் படுத்தபடி தெரிந்தன. வாத்தியார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று கும்பிட்டார், அவருக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்? அம்மாவோ கொட்டகை வாசலில் திருப்தியாக நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பக் கரி பூச நேரமில்லை. ஜீப் சத்தம் கேட்டுவிட்டது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார், கதவைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். எங்கள் ஜில்லாவில் அந்த நாமத்துக்கு முன்னால் செருப்போடு நிற்கிற மனிதர் கிடையாது, எந்த உத்தியோகமானாலும் சரி.

"போர்டு ஏதி?" என்றார்.

"இதே சார்" என்றார் தலைமையாசிரியர். நெற்றியில் வேர்வை.

"ஈ தலுபு எவருதி?" இந்தக் கதவு யாருடையது?

"மாதே சார்" என்று அம்மா முன்னால் வந்தாள். எங்களுடையதுதான். அவளுக்கு அப்போதுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்திருந்தது. முகம் சுண்டிவிட்டது.

இன்ஸ்பெக்டர் தமிழுக்கு மாறினார். சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகவே வந்தது. "இதக் கொடுத்துட்டு உங்க வீட்டுக்கு?"

"கோணி தொங்குது சார்."

"சரிம்மா. ஆனா சாமிமேல பசங்க எழுத முடியாதே. பாடம் எதுல நடக்கும்?"

அடுத்த கட்டடத்தில் தெலுங்கு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்கு நான் அங்கேதான் உட்காரப்போகிறேன் என்று நினைத்தேன். போர்டு இருக்கிறது என்று இன்ஸ்பெக்டரால் எப்படிச் சொல்ல முடியும்?

"திருப்பிப் போடுங்க" என்றாள் அம்மா.

நைனா புரியாமல் பார்த்தார்.

"கதவத் திருப்பிப் போடுய்யா! உள்பக்கம் கறுப்பாத்தான் கீது. தெனம் தாழ்ப்பா போடறவ எனக்குத் தெரியாதா?"

நைனாவும் வாத்தியாரும் சேர்ந்து திருப்பினார்கள். எங்கள் வீடு ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிரில் கதவு. வருஷக்கணக்கான புகை ஏறி உள்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. கரி பூசவே வேண்டியிருந்திருக்காது. குறுக்கே இரண்டு சட்டம் இருந்ததால், அந்தப் பக்கத்தில் எழுதலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளிப்பக்கம்தான் கதவின் முகம் என்று இருந்துவிட்டோம்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பேர எழுது" என்றார். படுத்த கதவில் அந்தச் சட்டங்கள் நெட்டுக்குத்தாக நின்று, பலகையை மூன்று கட்டமாகப் பிரித்திருந்தன. முதல் கட்டத்தில் தமிழில் எழுதினேன். புகைக் கறுப்பில் சாக்பீஸ் எவ்வளவு அழகாக விழுந்தது தெரியுமா! அவர் தலையாட்டினார். அவர் கேட்காமலே அடுத்த கட்டத்தில் தெலுங்கில் எழுதினேன். சிநேகிதிகளிடம் கற்றுக்கொண்டது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் எங்கள் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்து முகப்பில் எழுதியிருந்ததில் ஒன்றுதான். அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியிருந்தேன். 'போர்டு' என்று எழுதினேன்.

"அர்த்தம் தெரியுமா?"

"கதவு சார்."

எல்லோரும் சிரித்தார்கள், இன்ஸ்பெக்டரும்தான். "ஏம்மா, உங்க பொண்ணு சொல்றது சரிதானா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"அது எங்க கதவுதானே சார்? வேற இன்னான்னு சொல்லும்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, "தரகதி நடவனீண்டி" என்றார். வகுப்பு நடக்கட்டும். நைனாவின் மீசை துடித்த துடிப்பை நான் அன்றைக்குப் போல் வேறென்றைக்கும் பார்த்ததில்லை.

அதன் பிறகு கதவைச் சுவரிலிருந்து நகர்த்திக் கொட்டகைக்கு நடுவில் நிறுத்தினோம். ஒரு பக்கம் எங்களுக்குப் பாடம், மறுபக்கம் வெள்ளிக்கிழமை பூஜை. சாமியைச் சுவரைப் பார்க்க வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. அடுத்த வருஷம் சித்தூரிலிருந்து மூன்று கால் வைத்த நிஜக் கரும்பலகை பஸ் மேல் ஏறி வந்து இறங்கியது. கதவு வீட்டுக்குத் திரும்பியது.

அதை மாட்டுவதற்கு முன், வாசலில் படுக்கைவசமாகச் சாய்ந்திருந்தபோதே அம்மா சொன்னாள், "அன்னிக்கு எழுதினியே, அத அப்படியே எழுது." உள்பக்கத்தில் மூன்றையும் எழுதினேன். பிறகு நைனா கதவைத் தூக்கி நிறுத்திக் குடுமியில் மாட்டினார். அப்போதுதான் பார்த்தோம், எழுத்தெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அழித்துவிட்டு நேராக எழுதுகிறேன் என்றேன். அவள் விடவில்லை, எழுதினதை அழிப்பதாவது என்றாள். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தச் சாய்ந்த எழுத்தின்மேலேயே திரும்ப எழுதச் சொல்வாள்.

எல்லை முடிவானபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, புத்தூரும் நாங்களும் இந்தப் பக்கமே இருந்தோம். ஊரில் சிலர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் வழக்கம்போல் சாயங்காலம் கதவைச் சாத்தினாள், தலையைச் சாய்த்து எழுத்தைப் பார்த்தாள், தாழ்ப்பாள் போட்டாள்.

பல வருஷம் கழித்து, எனக்கு வேலை கிடைத்த முதல் மாதத்தில், அவளைத் திருப்பதிக்கு அழைத்து வந்தேன். தரிசனம் முடித்து இறங்கி, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். ஒரு லாட்ஜுக்கு எதிரில் அவள் நின்றுவிட்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மேலே பார்த்தாள்.

"பாப்பா, நம்ம கதவ எழுதிக்கீறாங்க."

போர்டிங் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது தங்குகிறவர்களுக்குச் சாப்பாடும் போடுகிற இடம் என்று சொன்னேன். என் படிப்பெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது, பலகை, மேசை, சோறு என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் குறுக்கே புகுந்தாள்.

"கதவத் தெறந்து வச்சி சோறு போடறாங்க. சரியாத்தானே எழுதிக்கீறாங்க?"

பஸ் ஸ்டாண்டில் எல்லா பஸ்களிலும் தெலுங்கு போர்டுதான். அவளை ஒரு தூணோரம் நிற்கவைத்துவிட்டு, எங்கள் ஊர் பஸ் எது என்று விசாரிக்கப் போனேன். விசாரணை ஜன்னலில் ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் தூணோரம் அம்மாவும் இல்லை. ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்து படிக்காதவள், இந்தக் கூட்டத்தில் எங்கே போவாள்?

வரிசையாக நின்ற பஸ்களுக்கு முன்னால் அவள் நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பஸ்ஸுக்கு முன்னாலும் நின்று, கழுத்தை, வீட்டுக் கதவைப் பார்க்கிற மாதிரியே, நன்றாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஜனங்கள் அவளுக்குக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்திருப்பார்கள். கடைசிக்கு முந்தின பஸ்ஸில் நின்றாள். உதடு அசைந்தது. எங்கள் ஊர்ப் பெயரைத் தெலுங்கில், கதவின் நடுக் கட்டத்தில் இருந்ததை, எழுத்து எழுத்தாகக் கூட்டினாள்.

யாரையும் கேட்காமல் ஏறிவிட்டாள். நான் அழுதுகொண்டே ஓடினேன். பக்கத்தில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.